எந்தச் சர்க்கரை, எந்த ஆண்டு? இந்தியாவையும் பிரேசிலையும் ஒப்பிடுவது எப்படி

2022 அக்டோபர் தொடக்கத்தில் மத்திய உணவு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021-22 பருவத்தில் 359 லட்சம் டன் சர்க்கரை உற்பத்தியாகி, இந்தியா உலகின் மிகப் பெரிய சர்க்கரை உற்பத்தி நாடாகிவிட்டது என்பது அதன் சாரம். ‘பிரேசிலை முந்தினோம்’ என்று ஊரெல்லாம் பேச்சு. இரண்டே ஆண்டுகளில் கதை மாறியது. 2023-24இல் பிரேசிலின் மத்திய, தெற்குப் பகுதி மட்டுமே ஏறக்குறைய 424 லட்சம் டன் எடுத்தது. இந்தியா 320 லட்சம் டன்னை ஒட்டி நின்றது. உடனே ‘நம் விவசாயி பின்தங்கிவிட்டான்’ என்ற பேச்சு கிளம்பியது.

முன்பு முந்தியதும் பின்பு பின்தங்கியதும் வயலில் நடந்தவை என்றே பலரும் நினைக்கிறார்கள். கரும்பு விளைச்சலின் கதை இதில் ஒரு பகுதிதான். ஒரு நாட்டின் சர்க்கரை உற்பத்தி என்று நாம் படிக்கும் எண்ணில், எதைச் சர்க்கரை என்று எண்ணினார்கள், எந்த மாதத்திலிருந்து எண்ணினார்கள், பிழிந்த சாற்றில் எவ்வளவைச் சர்க்கரையாக்க முடிவெடுத்தார்கள் என்ற மூன்றும் கலந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் இரண்டு நாடுகளை ஒப்பிடுவது, ஒருவர் நெல்லாகவும் மற்றவர் அரிசியாகவும் சொன்ன மூட்டைக் கணக்கை அப்படியே கூட்டிக் கழிப்பது போன்றது. கரும்பு போட்டவரைப் பற்றி இப்படிப்பட்ட கணக்கிலிருந்து தீர்ப்புச் சொல்வது எனக்கு ஏற்பில்லை. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

சர்க்கரைப் பொங்கலில் இருக்கும் சர்க்கரை

சர்க்கரைப் பொங்கலில் போடுவது வெல்லம். ஆனாலும் அதன் பெயர் சர்க்கரைப் பொங்கல். தென்மாவட்டங்களில் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்கிறோம். சில ஊர்களில் பெரியவர்கள் இன்றும் அஸ்கா என்பார்கள். ‘நாட்டுச் சர்க்கரை’ என்றால் அது தூள் வெல்லத்தின் வகை. ஒரே சொல்லுக்குள் இத்தனை பொருள் இருப்பதை நம் வீட்டுச் சமையலறையே சொல்லிக்கொடுக்கிறது.

உலக அளவிலான உற்பத்திப் பட்டியல்களில் முதன்மையாக எண்ணப்படுவது ஆலைச் சர்க்கரை. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி, படிகம் கட்டவைத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் போட்டுப் பாகைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது அது. வெல்லத்தில் பாகு பிரிவதில்லை. சாறு முழுவதும் கெட்டியாகி அச்சில் இறங்குகிறது. ஆகவே வெல்லம் அந்தப் பட்டியலில் சேராது.

இந்தியாவைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமில்லை. 2021-22இல் நாட்டில் விளைந்த கரும்பு 5,000 லட்சம் டன்னுக்கும் மேல். சர்க்கரை ஆலைகள் அரைத்தது சுமார் 3,574 லட்சம் டன். மீதி எங்கே போனது? வெல்லக் கொட்டகைகளுக்கு, வட இந்தியாவில் கண்ட்சாரி என்னும் சிறு சர்க்கரைப் பட்டறைகளுக்கு, அடுத்த நடவுக்கான விதைத் துண்டான கரணைக்கு, வெயில் காலத்தில் சாலையோரக் கரும்புச் சாற்று வண்டிக்கு. பிரேசிலில் விளையும் கரும்பில் மிகப் பெரும்பகுதி ஆலைக்கே போகிறது. எனவே ‘இத்தனை கரும்பு விளைந்தும் இந்தியாவில் சர்க்கரை குறைவு’ என்று யாராவது சொன்னால், பிழியாத கரும்பையும் சேர்த்து வகுத்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த சிக்கல் எடையில் இருக்கிறது. பிரேசில் ஏற்றுமதி செய்வதில் பெரும்பகுதி பழுப்பு நிறக் கச்சாச் சர்க்கரை. அதை வாங்கும் நாடுகள் மறுபடி சுத்திகரித்து வெள்ளையாக்குகின்றன. நம் ஆலைகள் பெரும்பாலும் நேராக வெள்ளைச் சர்க்கரையே எடுக்கின்றன. கச்சாச் சர்க்கரையில் கொஞ்சம் பாகும் ஈரமும் ஒட்டியிருக்கும். சுத்திகரிக்கும்போது எடை குறையும். அதனால் சர்வதேச அமைப்புகள் ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ‘கச்சா மதிப்பு’க்கு மாற்றுகின்றன. அதாவது, வெள்ளைச் சர்க்கரையின் எடையை ஏறக்குறைய 7 முதல் 9 சதவீதம் கூட்டிச் சொல்கின்றன. இந்திய அரசு சொன்ன 359 லட்சம் டன், அந்தக் கணக்கில் 384 முதல் 390 லட்சம் டன் வரை ஆகிவிடும். ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே கிடங்கு. ஆனால் எண் வேறு. இரண்டு கட்டுரைகளில் இரண்டு எண்களைப் பார்த்து, யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அற்பமாகத் தோன்றினாலும். நம் புள்ளிவிவரம் லட்சம் டன்னில் வரும், அயல்நாட்டுப் புள்ளிவிவரம் மில்லியன் டன்னில் வரும். பத்து லட்சம் ஒரு மில்லியன். 35.9 மில்லியனும் 359 லட்சமும் ஒன்றே. அவசரத்தில் மொழிபெயர்க்கும்போது இங்கே ஒரு பூச்சியம் கூடவோ குறையவோ போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பட்டியலில் வருவது ஆலைச் சர்க்கரை, வெல்லம் அன்று. எடை வெள்ளையிலா கச்சா மதிப்பிலா என்று தெரியாமல் இரண்டு எண்களை அருகருகே வைக்கக்கூடாது.

சித்திரைக் கணக்கும் தீபாவளிக் கணக்கும்

அண்ணன், தம்பி இருவரும் கடை வைத்திருக்கிறார்கள். அண்ணன் சித்திரை முதல் பங்குனி வரை கணக்கு எழுதுகிறார். தம்பி தீபாவளிக்குத் தீபாவளி எழுதுகிறார். ‘போன வருடம் யார் அதிகம் விற்றது?’ என்று கேட்டால், இருவரும் சொல்லும் ‘போன வருடம்’ ஒன்றாக இருக்காது.

சர்க்கரையில் அப்படியே இந்த நிலைதான். பிரேசிலின் கரும்பில் பத்தில் ஒன்பது பங்கு விளையும் மத்திய, தெற்குப் பகுதியில், அதாவது சாவ் பாவ்லோ மாநிலத்திலும் அதைச் சுற்றிலும், கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. அது பிரேசிலின் சித்திரைக் கணக்கு. இந்தியாவின் சர்க்கரைப் பருவம் அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. இது நம் தீபாவளிக் கணக்கு. இந்த ஏற்பாட்டை நிர்ணயித்தது மழையும் குளிரும். கரும்பு நன்கு முற்றி இனிப்பு ஏறுவதற்கு வறண்ட, குளிர்ச்சியான காலம் வேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அந்தக் காலம் ஆண்டின் நடுவில் வருகிறது. நமக்கு மார்கழி, தை மாதங்களில்.

இதனால் ‘2021-22’ என்று இரு நாடுகளும் எழுதினாலும் பொதுவாக இருப்பது ஆறு மாதங்களே: 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை. அந்த ஆறு மாதங்களிலும் பிரேசிலின் பெரும்பாலான ஆலைகள் டிசம்பருக்குள் அரவையை முடித்து இயந்திரங்களைக் கழற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும். உண்மையில் அந்த நாட்டின் 2021 ஆண்டு அரவையையும் நம் 2022 கோடை வரைக்குமான அரவையையும்தான் ஒப்பிட்டோம். 2021இல் பிரேசிலுக்கு என்ன நடந்தது? கடும் வறட்சி, அதோடு ஜூலையில் உறைபனி. மத்திய, தெற்குப் பகுதியின் கரும்பு முந்தைய ஆண்டின் 6,055 லட்சம் டன்னிலிருந்து 5,231 லட்சம் டன்னுக்கு இறங்கியது. நமக்கோ நல்ல மழை. அவர்களின் மிக மோசமான ஆண்டும் நம்முடைய மிகச் சிறந்த ஆண்டும் ஒரே தலைப்பின் கீழ் சந்தித்துக்கொண்டன.

ஒரே பால்: தயிரா, நெய்யா?

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டு வீடுகள். இரண்டிலும் தினம் பத்து லிட்டர் பால். ஒரு வீட்டில் ஒன்பது லிட்டரைத் தயிராக்குகிறார்கள், ஒரு லிட்டரை நெய்க்கு ஒதுக்குகிறார்கள். அடுத்த வீட்டில் பாதியைத் தயிராக்கி மீதியை நெய்க்குக் கொடுக்கிறார்கள். ‘தயிர் அதிகம் எந்த வீட்டில்?’ என்று கேட்டால் முதல் வீடு. அதை வைத்து ‘முதல் வீட்டு மாடு நல்ல மாடு’ என்று சொன்னால் சிரிப்பார்கள். நாடுகள் என்று வந்துவிட்டால் நாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையும் எடுக்கலாம், எத்தனாலும் எடுக்கலாம். எத்தனால் என்பது சாற்றிலோ பாகிலோ உள்ள சர்க்கரையை நொதிக்கவைத்து வடித்தெடுக்கும் சாராயம். வாகன எரிபொருளாகப் பயன்படுகிறது.

ஓர் ஆலையின் உள்ளே போய்ப் பார்த்தால் இது எளிதில் புரியும். தை மாத இரவொன்றில் நான் பார்த்த ஆலை முற்றம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எடைமேடை முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஓட்டுநர்கள் டிரெய்லருக்கு அடியில் சாக்கை விரித்துத் தூங்குகிறார்கள். காற்றெல்லாம் காய்ந்த பாகின் வாடை. உள்ளே, வெட்டிக் குதறிய கரும்பு இரும்பு உருளைகளுக்கிடையே ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கிப் போகிறது. கடைசி உருளையைத் தாண்டி வெளியே வரும் சக்கையைக் கையில் எடுத்துப் பிழிந்தேன்; ஈரம் தட்டியது, ஒரு சொட்டுகூட விழவில்லை. நூறு கிலோ கரும்பு உள்ளே போனால் சுமார் முப்பது கிலோ சக்கை. அது கொதிகலனுக்கே எரிபொருளாகப் போய்விடும். நான்கு கிலோ அளவுக்குக் கழிவுப்பாகு. பத்து கிலோவை ஒட்டிச் சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி தண்ணீர்.

இந்த ‘நூறு கிலோ கரும்புக்கு எத்தனை கிலோ சர்க்கரை’ என்பதைத்தான் பிழிதிறன் என்கிறார்கள். விவசாயிக்குக் கிடைக்கும் கரும்பு விலையே இதைப் பொறுத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

இப்போது எத்தனால் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். எல்லாச் சர்க்கரையையும் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுத்தால், சர்க்கரை ஒரு கிலோகூடக் குறையாது. நம் ஆலைகள் பல காலம் இப்படித்தான் செய்தன. சர்க்கரை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே பாகை எடுத்துவிட்டால் சர்க்கரை சற்றுக் குறையும். சாற்றையே நேராக எத்தனாலுக்கு அனுப்பினால், அந்தச் சாற்றுக்கான சர்க்கரை முழுவதும் போய்விடும். எந்த இடத்தில் குழாயைத் திருப்புகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரேசிலில் அந்தக் குழாயைத் திருப்புவது விலை. 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட பிரேசில், 1975இல் எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. 2003 முதல் பெட்ரோலிலும் எத்தனாலிலும், இரண்டும் கலந்தும் ஓடும் கார்கள் அங்கே விற்பனைக்கு வந்தன. அந்த ஊர்க்காரர் பங்க்கில் நின்று விலைப் பலகையைப் பார்த்து மனக்கணக்குப் போடுவார்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் எத்தனால் போடலாம், தாண்டினால் பெட்ரோல். எத்தனாலில் மைலேஜ் குறைவு என்பதால் இந்தக் கணக்கு. கோடிக்கணக்கானவர்களின் இந்த மனக்கணக்கு ஆலைக்குள் எதிரொலிக்கிறது. பெரும்பாலான ஆலைகளில் சர்க்கரைப் பிரிவும் எத்தனால் பிரிவும் அருகருகே இருப்பதால், எதற்கு விலை அதிகமோ அந்தப் பக்கம் சாற்றைத் திருப்புகிறார்கள்.

இது எண்ணை எவ்வளவு ஆட்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். படித்தபோது எனக்கே நம்பச் சற்று நேரம் பிடித்தது. 2019-20இல் மத்திய, தெற்குப் பகுதி ஆலைகள் சுமார் 5,904 லட்சம் டன் கரும்பு அரைத்து 268 லட்சம் டன் சர்க்கரை எடுத்தன. அடுத்த பருவத்தில் அரைத்தது 6,055 லட்சம் டன். எடுத்த சர்க்கரை 385 லட்சம் டன். கரும்பு இரண்டரை சதவீதம் கூடியது, சர்க்கரையோ 44 சதவீதம் கூடியது. 2020இல் கொரோனா முடக்கத்தில் வாகனங்கள் நின்றன, எண்ணெய் விலை சரிந்தது, எத்தனாலுக்கு விலை இல்லை. ஆலைகள் சாற்றைச் சர்க்கரைக்குத் திருப்பின. சர்க்கரைக்குப் போன பங்கு 34 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாகியது. அந்த ஆண்டு சாற்றின் சத்தும் சற்றுக் கூடுதலாக அமைந்தது. பிரேசில் விவசாயி ஒரே ஆண்டில் 44 சதவீதம் கெட்டிக்காரராகிவிடவில்லை.

இந்தியாவில் குழாயைத் திருப்புவது பெரும்பாலும் அரசு. பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பை 2022 ஜூனில் எட்டினோம். எத்தனாலின் கொள்முதல் விலையை அரசு நிர்ணயிக்கிறது. மழை குறைந்து சர்க்கரைத் தட்டுப்பாடு வரும் என்று பயம் வந்தபோது, 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து நேராக எத்தனால் எடுக்க அரசு தடை போட்டது. பிறகு ஓரளவு தளர்த்தியது. இங்கே முடிவு பங்க்கில் பிறப்பதில்லை, டெல்லியில் பிறக்கிறது.

இந்த வெளிச்சத்தில் 2021-22ஐத் திரும்பப் பாருங்கள். இந்திய ஆலைகள் 3,574 லட்சம் டன் கரும்பிலிருந்து எடுக்க முடிந்த மொத்தச் சர்க்கரை சுமார் 394 லட்சம் டன். அதில் 35 லட்சம் டன் அளவு எத்தனாலுக்குப் போனது. மீதி 359 லட்சம் டன் மூட்டையானது. பிரேசிலின் மத்திய, தெற்குப் பகுதியில் சர்க்கரையாக வந்தது 321 லட்சம் டன். ஆனால் அது அவர்கள் சாற்றில் 45 சதவீதம் மட்டுமே. மீதியையும் சர்க்கரையாகவே எடுத்திருந்தால் எவ்வளவு என்று எளிய விகிதக் கணக்குப் போட்டால் 710 லட்சம் டன்னை ஒட்டி வருகிறது. நாம் ‘முந்திய’ அதே ஆண்டில், வறட்சியிலும் உறைபனியிலும் அடிபட்ட நிலையில்கூட, ஆலைகள் கரும்பிலிருந்து எடுத்த மொத்த இனிப்பில் பிரேசில் நம்மைவிட வெகுதூரம் முன்னே இருந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. 5,231 லட்சம் டன் கரும்பிலிருந்து 321 லட்சம் டன் சர்க்கரைதான் வந்தது என்று வகுத்தால் நூற்றுக்கு ஆறு கிலோ வருகிறது. நமக்குப் பத்து. ‘அவர்கள் கரும்பு சப்பென்று இருக்கும் போல’ என்று இந்த வகுத்தலை மட்டும் பார்த்தவர் நினைப்பார். பாதிக்கு மேல் நெய்க்குப் போன வீட்டில் தயிரை மட்டும் அளந்ததன் விளைவு இது.

சுருக்கமாக: சர்க்கரை உற்பத்தி வேறு, கரும்பிலிருந்து எடுத்த மொத்த இனிப்பு வேறு. மாட்டின் தரத்தை அறியப் பாலை அளக்க வேண்டும்.

எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை?

காலப்போக்கில் ஒப்பிடும்போது ஒரு புதிய ஆபத்து சேர்கிறது. தொடங்கும் ஆண்டையும் முடிக்கும் ஆண்டையும் தேர்ந்தெடுப்பவர் கையில்தான் முடிவு இருக்கிறது.

1990-91இல் இந்தியாவின் உற்பத்தி சுமார் 120 லட்சம் டன். 2006-07இல் சுமார் 283 லட்சம். பதினாறு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல், பெருமைப்படத்தக்க வளர்ச்சி. இன்னும் இரண்டே ஆண்டு தள்ளி 2008-09இல் நிறுத்துங்கள்: சுமார் 146 லட்சம் டன். பதினெட்டு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குதான் வளர்ச்சி என்று எழுதலாம். இரண்டு வாக்கியங்களும் உண்மை. ஒன்றைச் சொல்லி ஓர் அமைச்சரைப் பாராட்டலாம், மற்றதைச் சொல்லி அவரையே திட்டலாம்.

இதற்கு எளிய மருந்து, அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் சராசரியை எடுப்பது. 283, 263, 146 ஆகிய மூன்றையும் கூட்டி வகுத்தால் 230 லட்சம் டன் அளவில் வரும். உச்சத்தின் பெருமையும் பள்ளத்தின் பீதியும் கரைந்து, போக்கு என்ன என்பது தெரியும். ஊரில் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் ஒரு வெட்டின் காயை வைத்து விலை பேசுவதில்லை. போன இரண்டு, மூன்று வருட வெட்டையும் விசாரிப்பார். அதே அறிவுதான்.

இந்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட காலத்தைப் பார்த்தால், பிரேசிலின் ஏற்றம் உண்மையிலேயே வியப்பானது. 1990-91இல் அந்த நாடு எடுத்தது சுமார் 74 லட்சம் டன்; இந்தியாவைவிடக் குறைவு. 2010-11இல் சுமார் 380 லட்சம் டன். இருபதே ஆண்டுகளில் ஐந்து மடங்கு. அதே காலத்தில் இந்தியா 120இலிருந்து 244க்கு, இரண்டு மடங்கு. 1933 முதல் யார் எவ்வளவு எடுக்கலாம், யார் ஏற்றுமதி செய்யலாம் என்றெல்லாம் கட்டுப்படுத்திவந்த அரசு அமைப்பை 1990இல் பிரேசில் கலைத்தது. ஏற்றுமதி தனியாரிடம் வந்தது. 1999இல் அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு சரிந்ததும் உலகச் சந்தையில் அதன் சர்க்கரை மலிவாகியது. பரந்த நிலமும் பெரிய ஆலைகளும் ஏற்கெனவே இருந்தன.

யாருக்காக உற்பத்தி என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்கு 270, 280 லட்சம் டன் நாமே சாப்பிட்டுவிடுகிறோம். பிரேசிலின் உள்நாட்டுத் தேவை அதில் பாதிகூட இல்லை. நம் உற்பத்தி வீட்டுத் தேவையின் அளவை ஒட்டி ஏறி இறங்குகிறது. அவர்களுடையது கப்பல் சரக்கு.

நம் எண் ஏன் இவ்வளவு ஆடுகிறது?

பிரேசிலின் ஏற்ற இறக்கத்துக்குக் குழாய்த் திருப்பம் முக்கியக் காரணம் என்றோம். இந்தியாவில் இரண்டே ஆண்டில் உற்பத்தி ஏறக்குறையப் பாதியானது எப்படி? வெங்காயத்தில் நாம் அடிக்கடி பார்க்கும் சுழற்சி இது. விலை ஏறினால் எல்லாரும் நடுவார்கள். எல்லாரும் நட்டால் விலை விழும். விழுந்தால் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். விட்டால் மறுபடி விலை ஏறும்.

கரும்பில் இந்தச் சுழற்சி மெதுவாக, ஆழமாக நடக்கும். சர்க்கரை மிகுந்து விலை விழுந்தால் ஆலையிடம் பணம் இருக்காது. விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய கரும்புப் பணம் நிலுவையாகும். சட்டப்படி பதினான்கு நாளில் வர வேண்டிய பணம் மாதக்கணக்கில் வராமல் போகும். ஒருமுறை அப்படிக் காத்திருந்த விவசாயி, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்பை உழுதுவிட்டு வேறு பயிருக்குப் போய்விடுவார். கரும்பு ஆண்டுப் பயிர். அவர் விட்டுப்போனதன் விளைவு ஆலையில் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். அவர் திரும்பி வந்தாலும் அப்படியே. 2006-07இன் உச்சத்துக்குப் பின்னால் வந்த 2008-09இன் பள்ளத்தை இப்படித்தான் படிக்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்குள் கடன் வாங்கிக் காத்திருந்த குடும்பங்கள் இருக்கின்றன. வரைபடத்தில் அது ஒரு வளைந்த கோடாக மட்டுமே தெரியும்.

பிரேசிலில் பெருமளவு கரும்பை ஆலைகளே சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிரிடுகின்றன. ஒருமுறை நட்டால் ஐந்தாறு வெட்டு எடுக்கிறார்கள். சந்தை சரிந்தால் பயிரை அழிப்பதில்லை. சாற்றை எத்தனாலுக்குத் திருப்புகிறார்கள். நம் ஊரில் விவசாயியின் முதுகில் விழும் அதிர்ச்சியை அங்கே பெரும்பாலும் அந்தக் குழாய் தாங்கிக்கொள்கிறது. இந்தியாவில் எத்தனாலுக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கப்படுவதற்கும் இது ஒரு காரணம்: கலப்பு பெருகியபின் ஆலைகளுக்குப் பணம் சீக்கிரம் வருகிறது, நிலுவையும் குறைகிறது என்று அரசு சொல்கிறது.

வறட்சியையும் விட்டுவிடக்கூடாது. 2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் கொண்டுபோனார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கரும்பு எப்படி நிற்கும்? 2016-17இல் நாட்டின் உற்பத்தி சுமார் 203 லட்சம் டன்னுக்கு இறங்கியது. அடுத்த பருவத்தில் 325 லட்சம்.

நாட்டு எண்ணுக்குள் மறைந்துபோகும் மாநிலம்

அந்த 325 லட்சம் டன் அதுவரை இந்தியா காணாத உச்சம். 2017-18 பருவம். உத்தரப் பிரதேசம் மட்டும் ஏறக்குறைய 120 லட்சம் டன் எடுத்தது. அதற்குப் பெரிய காரணம் ஒரு கரும்பு ரகம்: கோ 0238. ‘கோ’ என்பது கோயம்புத்தூர். 1912இல் அங்கே தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிறுவனம் வெளியிடும் ரகங்களுக்கெல்லாம் அந்த முதலெழுத்து உண்டு. 1918இல் அந்த நிறுவனம் வெளியிட்ட கோ 205, பயிர்க் கரும்பைக் காட்டுப் புல் இனத்தோடு சேர்த்து உருவாக்கியது. பின்னால் வந்த கோ 419 போன்ற ரகங்கள் கடல் கடந்தும் போயின. பிரேசில் வயல்களிலும் அவை வளர்ந்தன. இரண்டு நாடுகளையும் எதிரெதிரே நிறுத்திப் பேசும் நாம், நம் ஊர்க் கரணை அந்த மண்ணிலும் முளைத்தது என்பதை மறந்துவிடுகிறோம். கோ 0238ஐ அந்த நிறுவனத்தின் கர்னால் மையம் உருவாக்கி 2009இல் வெளியிட்டது. அது உத்தரப் பிரதேசத்தில் பரவியபோது, ஒன்பதைச் சுற்றியே இருந்த அந்த மாநிலத்தின் பிழிதிறன் பதினொன்றை நெருங்கியது. பிறகு செவ்வழுகல் நோய் அந்த ரகத்தைத் தாக்க ஆரம்பித்தது என்பது அதன் அடுத்த அத்தியாயம்.

அதே 2017-18இல் தமிழ்நாட்டில் என்ன நிலை? 2011-12இல் 23 லட்சம் டன் சர்க்கரை எடுத்த மாநிலம் இது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அதற்கு முன்பே காவிரியிலும் நிலத்தடியிலும் தண்ணீர் குறைந்துவந்தது. கரும்புப் பண நிலுவை வேறு. 2017-18இல் மாநிலத்தின் உற்பத்தி 10 லட்சம் டன்னுக்கு வெகுவாகக் கீழே போய்விட்டது. இந்தியா அதுவரையிலான தன் வரலாற்றில் மிக அதிகமான சர்க்கரையை எடுத்த அந்தப் பருவத்தில், கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கரும்பு விவசாயிக்கு அந்தச் சாதனை எந்த வகையிலும் சொந்தமில்லை. ஆலைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டுபோகத் தரப்படும் வெட்டு உத்தரவுக்காக மற்ற ஆண்டுகளில் அவர் வாரக்கணக்கில் அலைவார். அந்த ஆண்டு ஆலையின் ஆட்கள் கரும்பைத் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள்.